நீல டிரம்முக்குப் பின்னால்

மார்ச் 3
பெறுநர்: குடிநீர் நிறுவனம், குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா அல்லது அம்மா,

மாடிக் குளியலறைக்குத் தண்ணீர் ஏறி ஒன்பது நாளாகிறது. நான்கு முறை போன் செய்தேன். கிணற்றில் போட்ட கல்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய முழங்கால் இது, வாளி தூக்கிப் படியேறச் சொன்னால் கேட்குமா? ஒற்றை விரலால் இந்த மின்னஞ்சலைத் தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்காகவாவது பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் எண் வீட்டுக்காரன்

மார்ச் 4
அனுப்புநர்: குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

சிரமத்துக்கு வருந்துகிறோம். தெருக்குழாயில் அழுத்தம் சரியாகவே இருக்கிறது. மாடியில் நீல டிரம்முக்குப் பின்னால் சின்ன வால்வு ஒன்று இருக்கும். பாதி மூடியிருக்கலாம், மெதுவாக இடது பக்கம் திருப்புங்கள். குனியும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாளி தூக்க வேண்டாம்.

குறைதீர்ப்புப் பிரிவு

மார்ச் 6
பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு

அன்புள்ள குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

தண்ணீர் கொட்டுகிறது. நன்றி. சுவரைப் பிடித்துக்கொள் என்றெல்லாம்கூட கம்பெனியில் எழுதுவார்களா? என் மனைவிதான் அப்படிச் சொல்வாள். அவள் போய் ஆறு வருஷம். இங்கே எனக்குப் பேச்சுத் துணை குழாய்தான். அதுவும் உங்கள் தயவில். கேட்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்கிறேன். உங்களுக்கு அப்பா இருக்கிறாரா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

ஆறாம் எண் வீட்டுக்காரன்

மார்ச் 9, காலை
அனுப்புநர்: வாண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

இருக்கிறார். இதே ஊரில்தான். சாப்பிட்டாரா என்று அவரைக் கேட்க எனக்கு வழியில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன்: நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

குறைதீர்ப்புப் பிரிவு

மார்ச் 9, மாலை
அனுப்புநர்: வாண்டு

அப்பா,

பார்த்திருப்பீர்கள். காலையில் போன கடிதத்தின் தலையில் நீங்கள் வைத்த செல்லப்பெயர் நின்றுவிட்டது. என் கணினியில் மூன்று முகவரிகள்: குறைதீர்ப்பு, புது இணைப்பு, என் சொந்தம். எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அதிலிருந்தே பதில் போகும்படி வைத்திருந்தேன். சனிக்கிழமை கணினியை மாற்றினார்கள். அந்த ஏற்பாடு போய், எல்லாப் பதிலும் சொந்த முகவரியிலிருந்து கிளம்பிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

ஏமாற்ற நினைக்கவில்லை அப்பா. அன்று ஆஸ்பத்திரி வாசலில் காக்கிச் சட்டையோடு நின்று, "என்னைக் கேக்காம எப்படிக் கையெழுத்துப் போட்டே? இனிமே உன் எழுத்தே என் கண்ணுல படக்கூடாது" என்றீர்கள். நீங்கள் அறுபது பேரோடு நடுவழியில் இருந்தீர்கள், போனை எடுக்கவில்லை. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்காது என்றார் டாக்டர். போட்டேன். அம்மா ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டாள். பிறகு நான் அனுப்பிய கடிதங்களெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. உங்கள் புகார் வந்த அன்று, பக்கத்து மேஜைக்காரியிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வாசலில் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உங்கள் வாண்டு

மார்ச் 20
பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு

அன்புள்ள குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வேறொரு முகவரியிலிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. பதினொரு நாள் முயன்றேன். 'அப்பா' என்று பார்த்ததுமே அந்தக் கையெழுத்துத்தான் கண்முன் வந்து நிற்கிறது. போடாவிட்டாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் அன்றே சொன்னார். புத்திக்குப் புரிகிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். பிறகு அதற்கும் சேர்த்து நான்தான் அழ வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் புகாரில் டிரம் என்றே நான் எழுதவில்லை, அது நீலம் என்றும் எழுதவில்லை. யார் என்று அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் அடுத்த கடிதம் போட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மாடிக்கு மறுபடியும் தண்ணீர் ஏறவில்லை. வால்வை நான்தான் மூடினேன். ஆள் அனுப்ப வேண்டாம். இந்தப் பழைய முகவரியிலிருந்து பதில் மட்டும் போடுங்கள்.

ஆறாம் எண் வீட்டுக்காரன்