சத்தம் போடாத சட்டி

கண்ணு, எப்படிம்மா இருக்கே? வேளாவேளைக்குச் சாப்பிடறியா, குளிருக்குக் காதை மூடிக்கிறியா? நான் இங்க நல்லாத்தான் இருக்கேன், முழங்கால்தான் என்னைத் திட்டிக்கிட்டே கூட வருது. நீ தேடுறது உங்கம்மா சேதியைத்தானே, சொல்றேன், பதறாமப் படி. காய்ச்சல் விட்டுப்போச்சு. ஆனா போறப்போ அவ நாக்கு ருசியையும் பேச்சையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. எதைக் கொடுத்தாலும் தலையை ஆட்டிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறா. கீழ்வீட்டு நர்ஸம்மா காலையில வந்து பார்த்துட்டு, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு கிண்ணமாவது உள்ளே இறங்கலைன்னா திரும்ப ஆஸ்பத்திரியில சேர்த்து குளுக்கோஸ்தான் ஏத்தணும்னு சொல்லிட்டுப் போச்சு.

அப்பத்தான் நீ அனுப்பின ஸ்லோ குக்கர், அதான் மணிக்கணக்கா மெதுவா வேகவைக்கிற அந்தக் கரண்டுச் சட்டி, ஞாபகம் வந்துச்சு. பெட்டி பிரிக்காம கட்டில் அடியிலேயே கிடந்தது, உங்கம்மாவுக்குத்தான் அடுப்புன்னா தீ கண்ணுக்குத் தெரியணுமே. வெங்காயம், கேரட்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தக்காளி, பூண்டு எல்லாம் நறுக்கினேன். லாரி ஸ்டியரிங் பிடிச்ச கை இல்லையா, ஒரு துண்டு சக்கரம் மாதிரி, ஒரு துண்டு அச்சாணி மாதிரி வந்துச்சு. தண்ணி ஊத்தி, உப்பும் மிளகும் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டிட்டுப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சத்தமே இல்லை கண்ணு. கொதி இல்லை, விசில் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. சத்தம் நின்னா வண்டி படுத்துருச்சுன்னு அர்த்தம், அப்படியே பழகிட்டவன் நான். ரேடியேட்டர் மூடியைத் திறக்கிற மாதிரி துணியைச் சுத்தித் திறந்து பார்த்தேன். ஆவி மூஞ்சியில அடிச்சுது, சரி உசுரு இருக்குன்னு மூடினேன். மறுபடி சந்தேகம், மறுபடி திறந்தேன். ஒருதரம் மலைப்பாதையில இப்படித்தான், ஒரே பனி, முன்னாடி ரோடே இல்லை, வண்டி நகருதா மலை நகருதான்னு தெரியலை, மேகத்துக்குள்ள மிதந்துக்கிட்டே போறேன், எங்கேயோ ஒரு மணி கேக்குது, ஆடா மாடா யாருக்குத் தெரியும், பயமே இல்லை, அப்படியே போய்க்கிட்டே இருந்தா என்னன்னு தோணுச்சு. எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங், சட்டி. ஜன்னல் கண்ணாடியில ஆவி படிஞ்சு வெளிச்சம் பால் மாதிரி ஆயிடுச்சு. வாசனை மெதுவா எந்திரிச்சு, கூடத்தைத் தாண்டி, திரைச்சீலையை விலக்கிட்டு உங்கம்மா ரூமுக்குள்ள போன மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணு சொக்குது. உங்கம்மா சின்ன வயசுல வண்டியில என் பக்கத்துல உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காத்தைப் பிடிக்கிறா. திடுக்குன்னு முழிச்சு மறுபடி மூடியைத் திறந்தேன். மதியமே தாண்டிப்போச்சு, கேரட்டு கல்லு மாதிரி கிடக்குது. பொழுது வேற இறங்குது, என்னடா பண்றதுன்னு நிக்கிறேன். அப்ப ரூமுக்குள்ள இருந்து, ஏங்க, திறந்து திறந்து பார்த்தா சூடெல்லாம் போயிடாதா, அது எப்ப வேகும், கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களான்னு ஒரு குரல். கனவுன்னுதான் நினைச்சேன். திரும்பிப் பார்த்தா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா உங்கம்மா. லாரிக்காரன் கையில சட்டியைக் கொடுத்தா இப்படித்தான்னு திட்டிக்கிட்டே வந்து, என்னை எந்திரிக்கச் சொல்லி ஸ்டூல்ல உட்கார்ந்து மூடிக்குக் காவல் இருந்தா. என் கண்ணுல தண்ணி, ஆவி பட்டுடுச்சுன்னேன். நம்பலை.

வெந்ததும் ஊத்திக் கொடுத்தேன். கேரட்டு கரண்டி பட்டாலே கரையுது. ஒரு வாய் வச்சா, உப்புப் பத்தலைன்னா. நான் எதிர்லயே நின்னு அவ வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேனா, நான் என்ன சட்டியா, இப்படிப் பார்த்தா எனக்கு உள்ளே இறங்காது, போங்கன்னு விரட்டிட்டா. அதான் கூடத்துல உட்கார்ந்து இதை எழுதறேன். உள்ளே சத்தமே இல்லை. இறங்குதா இல்லையா தெரியலை. எட்டிப் பார்க்கவும் கூடாது. ஜன்னல்ல இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கு.

நீ லீவு போட்டுக் கிளம்பாதே, நான் போன்ல சொல்றேன். மனசு குளிர்ந்து, நாலு பேரோட சிரிச்சு, நல்லா இரும்மா. வெறும் டீயைக் குடிச்சிட்டு வேலைக்கு ஓடாதே.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அப்பா

சொல்ல விட்டுட்டேனே, நீயும் அங்க இந்தச் சட்டிதான் வச்சிருக்கே, மூடியை மட்டும் நடுவுல, இரு கண்ணு, உங்கம்மா கூப்பிடறா, கிண்ணம் காலியாம், இன்னொரு கரண்டி வேணுமாம், நான் போய்