கியர் பெட்டியில் ஒரு பெயர்

மார்ச் 8, 1997. சனி.

காலையில் தூறல், பிறகு வெயில். இறக்கை நுனிக்கு இரண்டாம் பூச்சு. ஜெசி பாண் வாங்கச் சொன்னது மறந்துவிட்டது.

மத்தியானம் நஸீர் கியர் பெட்டியைக் கொண்டுவந்தான். செவன் ஹில்ஸில் அவனுடைய பட்டறையில், ஓய்வு நேரத்தில் மூன்று வாரமாகச் செய்தது. அழகான வேலை. கார் எஞ்சின் சுற்றும் வேகத்தில் புரொப்பெல்லர் சுற்றக்கூடாது, பாதிக்கும் குறைய வேண்டும். அதற்குத்தான் இது. முதல்தரமாக அவனுக்குக் கராஜைத் திறந்தேன். இறக்கையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"போட்டுக்கு, கடல்ல ஓட எண்டெல்லோ நினைச்சன்!"

"நான் போட் எண்டு சொல்லேல்லையே."

"பிளேன் எண்டும் சொல்லேல்லையே மச்சான்!"

உண்மை. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடச் சிநேகிதம், நமக்குள் என்ன விபரம், என்ன பேப்பர் என்றுதான் இரண்டு பேரும் இருந்தோம். பெட்டியைத் திரும்பக் காரில் ஏற்றினான்.

"நீ விழுந்தா உன்ர பெண்சாதி ஜெசி என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கமாட்டா. ஆரின்ரையும் வீட்டுக் கூரைக்கு மேல விழுந்தா? என்ர பட்டறையே போயிடும்."

தேத்தண்ணி குடிக்காமல் போனான். ஒருநாளும் அப்படிப் போனவனில்லை.

மார்ச் 10. திங்கள்.

தலையிடி. வேலையில் மனம் இல்லை. ஆறு வருடமாகக் கட்டிய விமானம் ஒரு பெட்டிக்காக நிற்கிறது. அதைவிட அவன் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வெட்கமாக இருக்கிறது.

போன் எடுத்தேன். அவன் மகள்: "டாட் பிஸி, அங்கிள்."

ஜெசி: "ரெண்டு பேரும் லோயரிட்டப் போங்கோ. அவருக்கு நான் சொல்லுறன்."

மார்ச் 13. வியாழன்.

பரமட்டா, லோயரின் ஆபீஸ். காற்று. நஸீர் வந்ததே பெரிய காரியம். காரில் ஏறியதும் ரேடியோவைப் போட்டான்.

லோயர் சுமதி, மதுரைப் பெண். சொன்னவை:

- "என் பொறுப்பு" என்று நான் எழுதிக் கொடுத்தாலும், கீழே நின்று அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது.
- பட்டறைக் காப்புறுதியில் (இன்ஷூரன்ஸ்) விமானப் பாகம் சேராது. (நஸீர் தலையில் கை.)
- காசு வாங்கவில்லை என்பதால் தப்ப முடியாது.

"பில்லே இல்லையா? ஒரு துண்டுச் சீட்டுகூட? நல்ல ஃப்ரெண்ட்ஸ் சார் நீங்க!"

நஸீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி எதற்கு என்று தெரிந்தே செய்தது, எப்படிச் சோதித்தது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், காப்புறுதிக்காரரிடம் ஒளிக்க வேண்டாம் என்றாள் சுமதி. கடைசியில் அவனிடம், "உங்க பேர் அந்தப் பெட்டியில எங்கயும் வராம பாத்துக்குங்க."

மார்ச் 16. ஞாயிறு.

சர்ச்சில் பூசைக்குப் பிறகு, குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில், லோயர் சொன்னபடி எழுத உட்கார்ந்தேன். இது கார் எஞ்சின். பறப்பதற்கென்று செய்ததல்ல. நடுவானில் நிற்கலாம். கியர்ப் பல் உடையலாம். எழுத எழுத எனக்கே பயம். ஆறு வருடத்தில் இதை ஒருதரமும் எழுதிப் பார்த்ததில்லை. பிறகு சேர்த்தது: பக்கத்துச் சீட் கழற்றப்படும், என்னோடு வேறொருவரும் ஏறுவதில்லை. வீடுகளுக்கு மேலே பறப்பதில்லை.

ஜெசி வாசித்தாள். "இப்பதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருது."

நஸீரின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

மார்ச் 22. சனி.

நஸீர் கூப்பிட்டான்! "பூட்டிப் பறக்கிறதுக்கில்ல. ஓட்டிப் பார்க்கத்தான்."

அவன் பட்டறை முற்றம். சனிக்கிழமை, சுற்றிவர ஒருவரும் இல்லை. எஞ்சின் டிரெய்லரில், டிரெய்லர் சங்கிலியால் தூணில். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கோடு போட்ட கொப்பியில், நோட்டில், எழுதுகிறான்: சூடு, எண்ணெய், சத்தம். மூன்றாம் மணித்தியாலம் எண்ணெய்க் கசிவு. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அவனுக்கோ சந்தோஷம்.

"கீழ வச்சுக் கண்டுபிடிச்சமே மச்சான், அது போதாதோ?"

தேத்தண்ணி குடித்தான்.

மார்ச் 29. சனி.

நேற்றுப் பெரிய வெள்ளி, எஞ்சினைத் தொடவில்லை. இன்று எஞ்சின் ஓடியது இருபது மணித்தியாலம் நிறைந்தது. கழற்றிப் பார்த்தோம். பல் ஒவ்வொன்றும் சுத்தம். காப்புறுதிக்காரரின் பதிலும் வந்திருக்கிறது: விமானப் பாகத்துக்குத் தனியாக எடுக்கலாமாம், சோதனைக் குறிப்பு வேண்டுமாம். கொப்பியைப் பிரதி எடுக்கப் போனான், கலியாணக் கார்ட் கொடுக்கப் போகிறவன்போல.

ஈஸ்டருக்குக் கேக் வாங்க வேண்டும். மறக்கக்கூடாது.

ஏப்ரல் 5. சனி.

இந்த நாட்டில் ஏப்ரலிலேயே குளிர் தொடங்கிவிட்டது. நஸீர் பெட்டியோடு வந்தான். புதுக் காப்புறுதிக் கடிதம் மேலே. துணியை விலக்கினால், மூடியில் அவன் பெயர். முழுப் பெயர், ஊர், வருடம். ஆழமாக வெட்டியிருக்கிறான்.

"லோயர் வேண்டாம் எண்டவாவெல்லோ?"

"கொப்பி முழுக்க என்ர கையெழுத்து. பிறகு பேரை மட்டும் ஏன் ஒளிக்க?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூட்டி முடிய நாலு மணி. புரொப்பெல்லரைக் கையால் ஒருதரம் சுற்றிப் பார்த்தான். பிறகு விமானத்துக்குள் எட்டிப் பார்த்து,

"கழற்றின சீட் எங்க?"

"மேல் தட்டில."

"எறிஞ்சு போடாத."

பழைய போர்வை ஒன்றில் சுற்றி வைத்திருக்கிறேன்.