ஊசியைப் பார்த்தவள்

மொரியோகா,
பனி பெய்யும் பிற்பகல்.

அன்பு மகள் மினாகோவுக்கு,

இங்கு நலம். ஹாம்பர்க் குளிரில் உன் தொண்டை எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

அம்மா இளமையில் பாடிய இசைத்தட்டின் மூல நாடாவிலிருந்து நீ ஆக்கி அனுப்பிய இரு டிஜிட்டல் பிரதிகள் குறித்து, சென்ற கடிதத்தில் தெரிவித்த ஆட்சேபத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

முதல் பிரதியைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை. தட்டில் ஊசியின் உராய்வுக்கடியில் கிசுகிசுப்புகள் மூழ்கிவிடுகின்றன. உன் பிரதியிலோ, மிக அடங்கிய குரலுக்கும் மிக உரத்த குரலுக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கே விரிகிறது. ஒலிவீச்சில் டிஜிட்டலே மேல் என்பதை, தட்டுகள் சேர்ப்பவனாயினும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பிரதியில் தாழ்ந்ததை உயர்த்தி, உயர்ந்ததைத் தாழ்த்தி, அந்தப் பள்ளத்தாக்கைத் தூர்த்திருந்தாய். அதைத்தான் அநீதி என்று எழுதினேன்.

ஞாயிறன்று வழக்கம்போல நானும் அம்மாவும் ஒனோதெராவின் காபிக் கடைக்குப் போனோம். பாட்டு ஒலிக்கையில் அங்கே யாரும் பேசக்கூடாது என்பதை நீ அறிவாய். அம்மாவின் தட்டை வைத்தார். கடைசிச் சரணத்தில் குரல் தணிந்தபோது அவள் ஊசியைப் பார்த்தாள். பாட்டு முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள. பிறகு உன் முதல் பிரதி. அதே இடத்தில், பார்க்க ஊசி இல்லாமல், என் முகத்தைப் பார்த்தாள். காது மங்குவதை எத்தனை காலமாக மறைத்திருக்கிறாள் என்பதற்கு என்னிடம் சான்றில்லை.

இரண்டாம் பிரதியைப் போடும்படி சைகை செய்தேன். அந்தச் சரணம் வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

“என்னங்க, நானா இவ்ளோ மூச்சு வாங்கிருக்கேன்? நல்லவேளை, அன்னிக்கு நீங்க பொண்ணு பார்க்க வரல!” என்றாள், கடையே திரும்பிப் பார்க்கும்படி. பிறகு அந்தக் கிசுகிசுப்போடு சேர்ந்து பாடத் தொடங்கினாள். நான் எழுந்து, தலை தாழ்த்தி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

“உட்காருங்க வக்கீல் சார். இங்க பேசத்தான் தடை, பாட இல்ல” என்றார் ஒனோதெரா.

கண்ணாடிக்கு வெளியே விழுந்துகொண்டிருந்த பனி பாதி வழியில் நின்று கேட்பதாகத் தோன்றிற்று. இதை உறுதிப்படுத்த இயலாது. என் கண்கள் தெளிவாக இல்லை.

ஆகவே இரண்டாம் பிரதி இந்த வீட்டில் இருக்கட்டும். அவளாகச் சொல்லும்வரை நமக்குத் தெரியாதென்றே இருப்போம். தொலைபேசியில் கத்தவும் வேண்டாம். வாக்கியத்தின் கடைசிச் சொற்களை மட்டும் தணியவிடாதே, மகளே. ஊருக்கு எப்போது வருவாய் என்பதை நீ எப்போதும் அந்தக் கடைசிச் சொற்களில்தான் சொல்கிறாய்.

உன் நலமே நாடும் அப்பா,
குஸுஹாரா செய்ஜி