டாக்டர் சுப்பராயலுவின் மேற்பார்வையில்

9.6.1986, திங்கள்

பாசஞ்சர் இன்றும் தாமதம். திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கும்போது எட்டேகால். ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் சர்ஜன் கோதண்டபாணி கை கழுவி முடித்து நிற்கிறார். "வாம்மா. நீ வர்றதுக்குள்ள எனக்கே தூக்கம் வந்துடுச்சி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேஜையில் படுத்திருந்த நோயாளி கூட.

மூன்று வருடம் பிரசவப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தது மயக்க மருந்து டிப்ளமா. இரண்டு வருடத்தில் ஒன்றரை சென்னையில் போயிற்று. கடைசி ஆறு மாதம் வெளியூர்ப் பயிற்சி. விழுப்புரம் என்று ஆர்டர் வந்ததும் இவர் மகிழ்ந்துபோனார். வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்தில் வாத்தியார் வேலை. நான் வீட்டிலிருந்தே போய் வரலாம். மாமியார் தெருவில் பெருமையாகச் சொல்கிறார்: "எங்க மருமவ ஆளத் தூங்கவெக்கிற டாக்டரு." எதிர்வீட்டு அம்மணி அதற்கு, "அப்போ பெரிய டாக்டரு எப்போ ஆவும்?" என்று கேட்டிருக்கிறாள்.

நூறு கேஸ் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் 'டாக்டர் சுப்பராயலுவின் மேற்பார்வையில்' என்று எழுதி, இங்கே எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நூறு சேர்ந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள்.

12.6.1986

சுப்பராயலு சார் கெட்டிக்காரர்தான். முதுகெலும்புக்கு நடுவே ஊசி போட நான் தடவித் தடவி இடம் தேடுகிறேன். அவர் பேசிக்கொண்டே போட்டுவிடுகிறார். ஆனால் மோட்டார் சைக்கிளை எப்போதும் வெளிவாசலைப் பார்த்தே நிறுத்துகிறார். நோயாளி மயங்கியதும், "பாத்துக்கினு இரு சந்திரகாந்தா, ஜல்தியா வந்துடறேன்." அவ்வளவுதான்.

சுற்றுவட்டாரத்தில் மயக்க மருந்துக்கு அவர் ஒருவர். கூப்பிடுகிற நர்சிங் ஹோம்கள் ஐந்து. அதில் ஒன்று திண்டிவனத்தில். ஆக, நான் தினமும் படிப்பதற்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருகிறேன்; சொல்லித்தர வேண்டியவர் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிறார்.

19.6.1986

பார்த்துக்கொண்டு இருந்தேன்.

3.7.1986

இன்று ஆரம்பத்துக்கே அவர் வரவில்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், "நீயே ஆரம்பி." ஆரம்பித்தேன். குடல்வால் ஆபரேஷன், கல்லூரிப் பெண். நாடியில் வைத்த விரலை ஒன்றரை மணி நேரம் எடுக்கவில்லை. கோதண்டபாணிக்கு மயக்க மருந்து என்பது கரண்ட் மாதிரி. இருக்கும்போது நினைப்பதில்லை, போனால்தான் திட்டுவார். "நோயாளி அசையறான்மா!" ஆபரேஷன் நடுவில் இதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசியதில்லை.

பெண் கண்ணைத் திறந்து, "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றாள். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு யார் தரப்போகிறார்கள்? அவள் அம்மா சர்ஜனைத் தேடிப் போய்க் காலில் விழுந்தாள். போகிற வழியில் என்னிடம் கேட்டாள், "சிஸ்டர், டாக்டரு ரூம் எது?"

நோட்டில் எழுதினேன்: டாக்டர் சுப்பராயலுவின் மேற்பார்வையில்.

19.7.1986, சனி

சனிக்கிழமைதோறும் கையெழுத்துச் சடங்கு. பச்சை மை. இன்று பதினான்கு. படிப்பதில்லை, பக்கத்தைத் திருப்பு, போடு, திருப்பு, போடு. ஒன்றில் மட்டும் நிறுத்தி, "இந்தக் குழந்தைக்கு நாடி நூத்தி எழுவது போச்சா? என்ன பண்ணே?" என்றார். சொன்னேன். "சரியாத்தான் பண்ணியிருக்கேன்" என்று கையெழுத்துப் போட்டார். பண்ணியிருக்கே என்றாரா, பண்ணியிருக்கேன் என்றாரா — இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது.

7.8.1986, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

தாண்டவராயன், ஐம்பத்திரண்டு வயது, கண்டாச்சிபுரத்துப் பக்கம் விவசாயி. குடலிறக்கம். முதுகில் சீழ்க்கட்டி இருந்ததால் முதுகு ஊசி முடியாது, முழு மயக்கம்தான். சார் திண்டிவனம் போய்விட்டார். காலையில் வார்டிலேயே கேட்டேன், "எப்போ சாப்பிட்டீங்க?" "நேத்து பொழுதோடதாம்மா." தியேட்டரில் கேட்டேன், "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" "ஒன்னும் துன்னலம்மா." மேஜையில் படுத்த பிறகும் கேட்டேன். "மெய்யாலுமே துன்னல டாக்டரம்மா, பசிக்குது" என்று சிரித்தார்.

ஊசி போட்டேன். கண் மூடியது. தொண்டையில் குழாய் இறக்க வாயைத் திறந்தால் — கூழ். கேப்பைக் கூழ். பொங்கிக்கொண்டு வருகிறது. தலைப்பக்கத்தைத் தாழ்த்து, பக்கவாட்டில் திருப்பு, உறிஞ்சு என்று கத்தினேன். உறிஞ்சும் குழாயைக் கூழே அடைத்துக்கொண்டது. ராஜாமணி சிஸ்டர் விரலில் துணியைச் சுற்றி வாய்க்குள் விட்டு வழித்தார். உதடு நீலம். நாடி தேய்கிறது. ஐயோ, என்ன பண்றது, யாரைக் கூப்பிடறது? வயிற்றில் இருப்பது மேலே வராமல் தொண்டையை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று படித்திருக்கிறேன். அந்த ஆள் முப்பத்தேழு கிலோமீட்டர் தள்ளி வேறு யாருக்கோ ஊசி போட்டுக்கினு இருக்கார்!

மூன்றாவது தடவை குழாய் இறங்கியது. ஆக்சிஜன். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. ஆபரேஷன் ரத்து. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் கொரகொர. கூழ் நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

கோதண்டபாணி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "அப்போ அடுத்த கேஸ எடுத்துக்கலாமா?"

8.8.1986

தாண்டவராயனுக்குக் காய்ச்சல் நூற்றிமூன்று. அவர் மனைவி வெள்ளையம்மாள் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. "மூணு தடவை கேட்டனே, ஏம்மா பொய் சொன்னீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவள் பயப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தாள். "பொய்யா? துன்னியான்னு கேட்டீங்க. துன்னல. ஒரு சொம்பு கூழு கரைச்சிக் குடுத்தேன், குடிச்சாரு. கூழு எப்பிடி சாப்பாடாவும் டாக்டரம்மா? வெறும் வயித்தோட கத்திக்கு அனுப்ப மனசு வர்ல."

வார்டுக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். சாப்பிட்டீங்களா என்றுதான் மூன்று தடவையும் கேட்டேன். குடிச்சீங்களா என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள்.

நேற்றைய கேஸையும் நோட்டில் எழுதியாகிவிட்டது. அடியில் வழக்கமான வரி. அப்படியானால் இந்த ஆஸ்பத்திரியில் பொய் சொன்ன ஆள் யார்?

12.8.1986

காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு ரயிலைத் தவற விட்டேன்.

17.8.1986, ஞாயிறு

லீவு நாளிலும் போனேன். காய்ச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்து பீடி கேட்கிறார்.

21.8.1986

தாண்டவராயன் வீட்டுக்குப் போய்விட்டார், குடலிறக்கத்தோடேயே. வெள்ளையம்மாள் ஒரு பை பச்சை மல்லாட்டைக் கடலை கொடுத்தாள். "அன்னிக்கி அந்தக் கூழக் குடிச்ச தெம்புதான் டாக்டரம்மா இவரக் காப்பாத்திச்சி" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

27.8.1986

தாண்டவராயன் கேஸை ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டி விசாரிக்கிறதாம். ஏழாம் தேதி பத்து மணிக்கு சுப்பராயலு எங்கே இருந்தார்? என் நோட்டின்படி இங்கே. திண்டிவனம் நர்சிங் ஹோம் ரெஜிஸ்டரின்படி அங்கே. இரண்டிலும் அதே பச்சை மை.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதிகாரமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் இங்கதான் இருந்தேன், டீ குடிக்க வெளிய போனேன்னு சொல்லும்மா. அங்க ரெஜிஸ்டர்ல நேரத்த மாத்தி எழுதிட்டாங்கன்னு நான் பாத்துக்கறேன். இல்லாட்டி உனுக்குத்தான் பேஜாரு. தனியா பண்ணேன்னு சொன்னா எழுபத்தாறு கேஸும் செல்லாது. ரெண்டு வருஷப் படிப்பு போயிடும்."

உண்மைதான். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததிலேயே முழுசாக நின்று சொன்ன பாடம் இதுதான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார், "பொய் சொல்லலாமான்னு கேக்கறியா, சொன்னா மாட்டிக்குவனான்னு கேக்கறியா?" படுக்கப் போனேன். ரயிலை விட்டு இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் எங்கள் சமண வீட்டில் அடுப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. பசி.

1.9.1986, திங்கள்

கமிட்டித் தலைவர் கேட்டார், "அன்னிக்கி டாக்டர் சுப்பராயலு தியேட்டர்ல இருந்தாரா?"

இருந்தார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் அந்தக் கேள்வியின் தொனி எனக்குத் தெரிந்த தொனியாக இருந்தது. பொய்யான பதில் வந்தால் யாரோ ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று கேட்கிற கேள்வி. நான் தினம் காலையில் வார்டில் கேட்பது போல.

"இல்லைங்க. அன்னிக்கி மட்டும் இல்ல. பதினொரு கேஸ்லதான் கடைசி வரைக்கும் இருந்தாரு. மீதி நான் தனியா பண்ணேன். நோட்டுல பொய்யா எழுதினது நான்தான்."

சுப்பராயலு சார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோதண்டபாணி — "அட, தெனம் இந்தப் பொண்ணு தனியாத்தான் பண்ணிக்கினு இருந்துதா? எனக்குத் தெரியவே தெரியாதே!" நடிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

20.9.1986

சென்னையிலிருந்து கடிதம். பதினொரு கேஸ் செல்லும். டிசம்பரிலிருந்து மறுபடி ஆறு மாதம், அதே ஆஸ்பத்திரி, 'அதே மேற்பார்வையில்'. சுப்பராயலு சாருக்கும் கடிதம்: பயிற்சி முடியும்வரை வெளி நர்சிங் ஹோம்களுக்குப் போகக் கூடாது, மீறினால் வேலை இல்லை. உண்மையைச் சொன்ன எனக்கும் சொல்லாத அவருக்கும் ஒரே தண்டனை. நான் அவருக்கு, அவர் எனக்கு.

அம்மணி மாமியாரிடம் கேட்டாளாம், "இன்னுமா பெரிய டாக்டரு ஆவல?"

4.12.1986

இன்று சுப்பராயலு சார் என்னிடம் பேசியது மொத்தம்: "வெளக்க இப்பிடித் திருப்பு."

22.12.1986

தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எதைத் தொட்டாலும் பார்க்கிறார். நான்கு மாதத்துக்கு முன் இதற்காக ஏங்கினேன். இப்போது எப்போது எழுந்து போவார் என்று இருக்கிறது.

9.1.1987

அவரே நோயாளியிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார். நான் கேட்டால் போதவில்லையாம். "சோறு? இட்லி? கூழு? கஞ்சி? மோரு? காப்பி? பன்னு? வெத்தல பாக்கு?" வல்லத்திலிருந்து வந்திருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற இன்னா இருக்குது?" என்றார். சுப்பராயலு சார் சிரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன். பிறகு அவராகவே, "உன்னால எனக்கு அஞ்சு நர்சிங் ஹோம் போச்சு" என்றார். "உங்களால எனக்கு ஆறு மாசம் போச்சு சார்" என்றேன். கணக்கு சரியாகிவிட்டது போல, விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தார்.

14.2.1987, சனி

தையல்நாயகி, இருபத்து மூன்று வயது, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகிறவள். இரண்டு நாள் வலி, குழந்தை குறுக்கே. பஸ்ஸில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். முதுகில் ஊசியை நான்தான் போட்டேன். நன்றாகத்தான் போட்டேன். கோதண்டபாணி குழந்தையை வெளியே எடுத்தார், பெண். அது அழுத அதே நிமிடம் இவள், "கை மரத்துப் போவுது டாக்டரம்மா, மூச்சு..." என்றாள். முதுகில் போட்ட மருந்து நெஞ்சுவரை மேலே ஏறிவிட்டது. குரல் நின்றது. நாடி நாற்பது.

ஊசி மருந்தைச் சுப்பராயலு சார் ஏற்றும்போது முகமூடியை நான் பிடித்திருந்தேன். குழாய் இறக்க நான் குனிந்தபோது அவர் விரல்கள் ஏற்கெனவே அவள் தொண்டையை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்திருந்தன. ஒரே தடவையில் இறங்கியது. பிரசவத்துக்கு வந்தவள் என்ன குடித்திருந்தாளோ, எதுவும் மேலே வரவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் இருவரும் மாறி மாறி மூச்சுப் பையை அமுக்கினோம். பிறகு தானாக மூச்சு விட்டாள். கண் திறந்தாள். "பொண்ணா?" என்றாள். "பொண்ணுதான்" என்றேன். "சரி போ" என்று மறுபடி தூங்கிவிட்டாள்.

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சுப்பராயலு சார் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"எனுக்கும் இப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாங்க சந்திரகாந்தா. பாத்துக்கினு இருன்னுட்டுப் போயிடுவாங்க. இருவத்திரெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்துல இன்னொரு ஆள் கை குடுத்து இந்த மாதிரி ஒரு கேஸ் பண்ணது இன்னிக்கிதான்."

ராஜாமணி சிஸ்டர் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். சார் ஒன்றைக் குடித்தார். யோசனையாகவே என்னுடையதையும் எடுத்துக் குடித்துவிட்டார்.