படகின் பின்னால் தண்ணீர்

திருவண்ணாமலை,
கார்த்திகை 20, சனிக்கிழமை

அன்பு மகள் கவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் உன் கேப்டனும் கூட வருகிற அந்தப் பெண்ணும் ஒரு குறையும் இல்லாமல் கரை சேர வேண்டும், இப்போதைக்கு அண்ணாமலையாரிடம் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. வியாழக்கிழமையிலிருந்து உன் போனுக்கு அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான் நிற்கிறது. நடுக்கடலில் சிக்னல் வராது, மூன்று வாரம் ஆகும் என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், இருந்தாலும் ஒரு நாளைக்கு இருபது தடவை எடுத்துப் பார்க்கிறேன். எதிர்வீட்டு ஆர்த்தியை விட்டு உன் பாய்மரப் படகுக் கம்பெனிக்கு மெயில் போட்டேன், திங்கட்கிழமை பார்க்கிறோம் என்று தானாக ஒரு பதில் வந்தது. அதனால் பார்படாஸ் துறைமுக ஆபீஸ் என்று நீ எழுதிக் கொடுத்த விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். தபாலாபீஸில் கேட்டேன், இருபது நாளுக்கு மேல் ஆகுமாம். நீயும் கடிதமும் ஏறக்குறைய ஒன்றாகப் போய்ச் சேருவீர்கள், இதில் எழுதுவது எதுவும் உனக்கு வழியில் உதவாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

தீபம் நல்லபடியாக ஆனது. கூட்டம் போன வருஷத்தைவிட ஜாஸ்தி, பஸ், கார் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணும் நான்கு நாள் வரவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் தேறிவிட்டார் என்று சொன்னேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. ஆவணியில் பக்கவாதம் வந்து விழுந்த வலது கை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. இடது கையால் இட்லியைப் பிட்டுத் தானே சாப்பிடுகிறார். பேச்சுதான் வரவில்லை, வாயைத் திறந்தால் ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

இப்போது நீ செவ்வாய்க்கிழமை அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன்னால் இன்ஜின் மூடியைத் திறந்து ஆயில், கூலண்ட், பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, ஸ்டார்ட் செய்து, நீ அப்பாவுக்கு அனுப்புவதும் அவர் பார்த்துவிட்டு "கெளம்பு" என்று ஒரே வார்த்தை பேசி அனுப்புவதும் உங்கள் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம். நான் அதில் தலையிட்டதே இல்லை. முப்பது வருஷம் லாரிக்கு அடியில் கிடந்த மனிதர், பாய்மரப் படகுக்கும் டீசல் இன்ஜின் உண்டு என்று தெரிந்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உடம்புக்கு வந்தபிறகு இதுதான் உன் முதல் பயணம். போனை நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார். முதல் தடவை சிரித்தார். இரண்டாவது தடவை முகம் மாறிவிட்டது. போனைக் காட்டுகிறார், தண்ணீர் டம்ளரைக் காட்டுகிறார், மறுபடியும் போனைக் காட்டுகிறார். தாகம் போலிருக்கிறது என்று டம்ளரை வாயருகில் கொண்டுபோனேன். குடிக்கவில்லை, வாங்கித் தரையில் சாய்த்துவிட்டார். கை நடுங்கிக் கொட்டிவிட்டது என்று துடைத்துவிட்டு வேறு கொடுத்தேன், அதையும் சாய்த்தார். மறுநாள் காலையில் படுக்கையிலேயே கொட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, "என்னால முடியலைங்க, வேணும்னே பண்றீங்களா"ன்னு கத்திவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் உன் மெசேஜ் வந்தது, நாளைக்குக் காலையில் புறப்படுகிறோம், அப்பா என்ன சொல்கிறார் என்று. ஈரப் போர்வை என் கையில் இருந்தது. தீபத்தன்று, கிளம்பி நிற்கிற பெண்ணிடம் எதையாவது சொல்லி மனதைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தேன். அப்பா தலையாட்டிவிட்டார், கிளம்பு என்று நான்தான் பேசி அனுப்பினேன். நீ இரண்டு முத்தம் அனுப்பினாய். அவர் தலையாட்டவில்லை கவியா.

ஒர்க்‌ஷாப்பில் அப்பாவோடு வேலை பார்த்த தருமனை அன்றே கூப்பிட்டேன், ரோடு திறந்து அவன் வந்து சேர வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் உன் பழைய வீடியோவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "அண்ணி, பழசுல படகுக்குப் பின்னாடி புகையோட தண்ணி கொட்டுது பாருங்க, இதுல வெறும் பொகதான் வருது" என்றான். கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைத்துப் பின்னால் துப்ப வேண்டுமாம். பின்பக்கத்தை நீ ஒரு நொடிதான் காட்டியிருக்கிறாய், சரியாகத் தெரியாமலும் போயிருக்கலாம் என்றும் சொன்னான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "புரிஞ்சுதுண்ணே, பாப்பாகிட்ட சொல்லிட்றோம்"னு அவன் சொன்னதும் அவருக்குக் கண்ணீர் வழிந்தது, அப்படியே தூங்கிப்போனார். நான்கு மாதத்தில் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து நான் உனக்குப் போன் போட்டேன், போகவில்லை. நமக்கு மத்தியானம் ஆகும்போதுதான் அங்கே காலை, அப்படிப் பார்த்தாலும் நீ கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சூடு ஏறினால் அலாரம் அடிக்கும், பாப்பா நிறுத்திவிடும், பாய் இருக்கிறதே, காற்றிலேயே போய்விடுவார்கள் என்று தருமன் தைரியம் சொன்னான். காற்று நின்றுவிட்டால் என்று கேட்டேன். அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

அதிலிருந்து மொட்டை மாடிக்குப் போய் மலைத் தீபத்தைப் பார்த்துக் கும்பிடுவது தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கொடி அசைகிறதா, மரம் அசைகிறதா என்று பார்க்கிறேன், இங்கே அடிக்கிற காற்றுக்கும் அங்கே அடிக்கிற காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே சிரிப்பு வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, பருப்புப் பொடி தீர்ந்திருந்தால் வெறும் பிஸ்கட்டில் காலம் தள்ளாதே, இடுப்பில் கயிறு மாட்டாமல் மேல் தட்டுக்கு வராதே. இதெல்லாம் நீ கரை சேர்ந்தபிறகுதான் படிக்கப்போகிறாய், தெரியும்.

இன்று காலை அப்பா போனைக் காட்டிக் கையை விரித்தார், வேலை முடிந்ததா என்று கேட்கிறார். "ரிப்பேர் நடக்குதுங்க, ஆள் வந்திருக்காங்க"ன்னு சொன்னேன். நிம்மதியாகத் தலையாட்டினார். நீ கடலில் இருக்கிறாய், அவர் உன்னைக் கரையில் நிறுத்திவைத்திருக்கிறார். அவரிடம் ஒன்று, உன்னிடம் ஒன்று என்று இரண்டு பொய் சொல்லிவிட்டு நான் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

தீர்க்காயுசாக இரு கண்ணு, உனக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றை மட்டும் மறக்காதே. கரை சேர்ந்து நீ போன் செய்யும்போது அப்பா காதில்தான் வைப்பேன். நீங்க சொன்னதைக் கேட்டு நின்னு, சரி பண்ணிட்டுத்தான் கெளம்பினேன்பா என்று அவரிடம் சொல். மூன்றாவது பொய்யை என்னால் சொல்ல முடியாது, அதை நீ சொல்.

இப்படிக்கு
உன் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
ம. ரேணுகாம்பாள்