கடைசி பெஞ்சில் வைத்த ரெக்கார்டர்

24.6.2024, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பையே ஆராய்வதற்குக் கொடுக்கும் நிதிக்கு என் திட்டம் தேர்வாகியிருக்கிறது. தலைப்பு: "வகுப்பறைப் பேச்சும் மாணவர் தோல்வியும்." பதினேழு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். பின்னால் உட்கார்ந்து பேசுகிறவர்கள்தான் பெயிலாகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நிரூபிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

பிரின்சிபால் அன்புச்செல்வன் சார் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து வாழ்த்தினார். அடுத்த வருஷம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். "நம்ம காலேஜுக்கு இதான் முதல் ஃபண்டு, அபிதா மேடம். ரிசல்ட் பாசிட்டிவா வரணும்." வரும் சார் என்றேன்.

வீட்டுக்காரர் புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டார்: "பசங்க கிளாஸ்ல பேசறாங்கன்னு கண்டுபிடிக்கறதுக்கு ஃபண்டா?" விளக்கினேன். கேட்டுவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

8.7.2024, திங்கள்

ரெக்கார்டர் வந்தது. தீப்பெட்டி அளவுதான். இரண்டாம் ஆண்டு கணிதம் 'பி' பிரிவில் கடைசி பெஞ்சுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினேன். ஒப்புதல் படிவம் இங்கிலீஷில் இரண்டு பக்கம். நாற்பத்தொன்பது பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள் போல. நான்கு நிமிஷத்தில் முடிந்தது.

தினமும் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டால் சத்த அளவைக் கோடாக வரைந்து காட்டும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

19.7.2024, வெள்ளி

பத்து நாளாகக் கோடு மேலேயே இருக்கிறது. யார் என்று தெரியும். துர்கா. வெம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் வாயைத் திறந்தால் அவளும் திறப்பாள். இன்று திட்டவிலக்கம் நடத்தும்போது பொறுக்க முடியவில்லை. எழுப்பினேன்.

"பேசல மேடம். பாடம்தான் சொல்லிகினு இருந்தேன்."

எல்லாரும் சொல்வதுதான். முன் பெஞ்சுக்கு மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டி வரச் சொன்னேன்.

22.7.2024, திங்கள்

துர்காவின் அப்பா ராமதாஸ் வந்தார். விவசாயக் கூலி. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "வாயாடிங்க. வீட்லயும் இப்படித்தாங்க. இனிமே பேச மாட்டாளுங்க" என்று மூன்று முறை சொன்னார். துர்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்றைய கூலி போயிருக்கும். அதை நான் யோசித்தது அவர் போன பிறகு.

26.7.2024, வெள்ளி

கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கடைசி பெஞ்சில் சத்தமே இல்லை. பிரின்சிபாலிடம் காட்டினேன். பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

12.8.2024, திங்கள்

மாதத் தேர்வு திருத்தி முடித்தேன். கடைசி பெஞ்சில் மீதமிருக்கும் மூன்று பேரும் பெயில். போன தேர்வில் மூவரும் பாஸ். அவர்களில் உண்ணாமலை அறுபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு வந்திருக்கிறாள்.

சத்தம் குறைந்தால் மார்க் ஏறவேண்டும். ஏதோ கூட்டல் தப்பு என்று மறுபடி கூட்டினேன். பதினெட்டுதான்.

17.8.2024, சனி

உண்ணாமலை ஒரு வாரமாக வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, முதல்முறையாகப் பதிவைக் காதில் போட்டுக் கேட்டேன். ஜூலை பத்தொன்பது. என் குரல் தூரத்தில். ஃபார்முலா, அதற்குள் இன்னொரு ஃபார்முலா. கிட்டத்தில் துர்காவின் கிசுகிசுப்பு:

"இங்க பாருடி. ரெண்டு பஸ்ஸு. ரெண்டுத்துக்கும் ஆவரேஜ் எட்டரை மணி. ஒண்ணு, ரெண்டு நிமிசம் முன்ன பின்ன வரும். இன்னொண்ணு எட்டுக்கும் வரும், ஒம்போதுக்கும் வரும். எத நம்பி ஊட்ட உட்டு கெளம்புவ?"

"மொத பஸ்ஸு."

"ஏன்? ஆவரேஜ் ஒண்ணுதான?"

"ரெண்டாவது எப்ப வரும்னே தெரியாதே."

"அந்த எப்ப வரும்னு தெரியாததுதான் மேடம் போட்டுகினு இருக்கற ஃபார்முலா. எவ்ளோ முன்ன பின்னன்னு அளக்குது."

அப்புறம் என் குரல்: "துர்கா, எழுந்திரு."

இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். காபி போட்டேன். குடிக்கவில்லை.

18.8.2024, ஞாயிறு

எல்லாப் பதிவுகளையும் கேட்டேன். தினமும் அவள் மூன்று பேருக்கு என் பாடத்தைத் தமிழில் சொல்லியிருக்கிறாள். ஒரு இடத்தில் நான் தப்பாகச் சொன்னதைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் ஒரு வகுப்பில் சராசரியாக முப்பத்தொரு முறை "புரிஞ்சுதா?" என்று கேட்கிறேன். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் இடமும் விடவில்லை.

ஜூலை இருபத்திரண்டுக்குப் பிறகு கடைசி பெஞ்சில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அதைத்தான் பிரின்சிபால் ஃபைலில் வைத்திருக்கிறார்.

என்ன செஞ்சு வெச்சிருக்கேன்?

20.8.2024, செவ்வாய்

துர்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ரெக்கார்டர் எங்கே இருந்தது, என்ன கேட்டேன், எல்லாவற்றையும். மன்னிப்பும் கேட்டேன். ஆய்வில் அவள் பேச்சைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நாங்க பேசறத ஒட்டுக் கேட்டீங்களா மேடம்?"

"நீ கையெழுத்துப் போட்டியேம்மா."

"அதுல பாடத்த ரெக்கார்ட் பண்றோம்னுதான் போட்டிருந்துது. பெஞ்சுக்கு அடியில வெப்போம்னு போடல."

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். போடவில்லை. நான் எழுதிய படிவம்தான்.

"அதுல வேற பேச்சும் இருக்கும். எங்க வீட்டு விசயம்லாம் இருக்கும். வேணாம் மேடம், அழிச்சிருங்க. அப்புறம், அன்னிக்கி வாயாடின்னு சொல்லி அப்பாவ வர வெச்சீங்க. இப்ப சொன்னத எங்க அப்பாகிட்டயும் சொல்லுங்க."

21.8.2024, புதன்

ராமதாஸுக்கு போன் செய்தேன். வயலில் இருந்தார். உங்கள் பெண் பேசவில்லை, பாடம் சொல்லிக் கொடுத்தாள், தப்பு என்னுடையது என்றேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். "அன்னிக்கி வீட்டுக்கு வந்து அடிச்சிட்டேங்க" என்றார்.

போனை அவர்தான் வைத்தார்.

24.8.2024, சனி

சேவூருக்குப் போனேன், உண்ணாமலை வீட்டுக்கு. பவர்லூம் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது. செய்யாறு பக்கம் கம்பெனி வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஒன்றாம் தேதியிலிருந்து வேன் வரும். அவள் அம்மா, "படிப்பு ஏறலைங்க, எதுக்குப் பேஜாரு" என்றார்.

உண்ணாமலை தறியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொல்றது எனக்குப் புரியாது மேடம். துர்கா சொன்னா புரியும். அவள தூக்கி முன்னாடி போட்டுட்டீங்க."

தறி நின்றிருந்ததால் நன்றாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை முதல் துர்கா பழைய இடத்தில் இருப்பாள் என்றேன். இருபது நிமிஷம் நான் பேசுவேன், மீதி நேரம் நீங்கள் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அப்போதுதான் முடிவு செய்தேன். பார்க்கிறேன் என்றாள். அவள் அம்மா தறியை மறுபடி ஓட்டிவிட்டார்.

27.8.2024, செவ்வாய்

துர்கா பின்னால் போய் உட்கார்ந்தாள். உண்ணாமலை வரவில்லை.

2.9.2024, திங்கள்

துர்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாப் பதிவுகளையும் அழித்தேன். ரெக்கார்டரை அவளே பிய்த்து எடுத்துக் கொடுத்தாள். டேப் தடம் பெஞ்சில் இருக்கிறது.

இரண்டாவது பீரியடில் உண்ணாமலை வந்தாள். வேன் வந்ததாம், ஏறவில்லையாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேனோ என்று போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

19.9.2024, வியாழன்

இடைக்கால அறிக்கையைப் பிரின்சிபால் படித்தார். "சத்தம் குறைஞ்சுது, கவனம் கூடுச்சுன்னு போடுங்க மேடம். கிராஃப்தான் இருக்கே. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

கிராஃப் உண்மை சார், அர்த்தம்தான் தப்பு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

26.9.2024, வியாழன்

வேலூரில் பல்கலைக்கழக நிதிக் கமிட்டி. மூன்று பேர்.

"நீங்க எதிர்பார்த்தது வந்துதா?"

"இல்லைங்க. நான் நினைச்சது தப்பு."

"எத வெச்சு சொல்றீங்க?"

"பதிவைக் கேட்டுத்தான்."

"பதிவு எங்கே?"

"அழிச்சிட்டேன். பேசினவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "அப்ப மூணு பேரோட மார்க்குதான் இருக்கு. மூணு பேர வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு உங்களுக்கே தெரியுமே. நீங்க புள்ளியியல்தானே?"

தெரியும் என்றேன். ஓரத்தில் இருந்த அம்மா மட்டும் வாசலில் என்னை நிறுத்தி, அந்தப் பெண் எந்த உதாரணம் சொன்னாள் என்று கேட்டார். அதையும் சொல்ல அவள் அனுமதி வேண்டும் என்றேன். சிரித்தார். சிரிப்பதற்குச் சொல்லவில்லை.

14.10.2024, திங்கள்

அடுத்த தவணை கிடையாது. கடிதம் நான்கு வரி.

பிரின்சிபால் ஒரு வாரமாக வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைக்கிறார். வீட்டுக்காரர், "அப்ப கண்டுபிடிச்சது?" என்றார். கண்டுபிடிச்சாச்சு, ஃபண்டுதான் நின்னுபோச்சு என்றேன். இந்த முறை இரண்டாவது தடவை கேட்கவில்லை.

9.1.2025, வியாழன்

மூன்றாவது பீரியட். நிகழ்தகவு. இருபது நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாதியில் அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. என் வகுப்பில் தொடர்ந்து அதிகச் சத்தம் வருவதாகப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் புகார் செய்திருக்கிறாராம். மூன்று நாளில் விளக்கம் எழுத வேண்டும்.

வராந்தாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். புகாரில் தப்பில்லை. வராந்தாவில் நின்றாலே நன்றாகக் கேட்கிறது. உண்ணாமலை எழுந்து நின்று, "அது தப்புடி துர்கா, ரெண்டு தடவ எண்ணிட்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். துர்கா ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வகுப்பு அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

உண்ணாமலை சொன்னதுதான் சரி.

திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தேன். நான் வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை.