தெற்குக் குழாய், வடக்குக் குழாய்

மச்சான், இன்று காலை உங்கள் தம்பி விமான எரிபொருள் கேனைத் திறந்ததும் அதில் கலந்திருக்கும் விளக்கெண்ணெயின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. நீங்கள் துபாயிலிருந்து விடுப்பில் வந்து இறங்கினால் நம் வீட்டில் அடிக்கிற வாடை. பிரியாணி வாடைகூட அதற்குப் பிறகுதான் வரும். இன்று அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஐம்பதைத் தொடும் மனுஷர் பொம்மை விமானத்துக்கு இப்படி உருகுவதைக் கூத்தாநல்லூரே கேலி செய்தது. நானும்தான். "ஏரோப்ளேனுக்கு வாக்கப்பட்டுட்டேன், பறந்துதானே ஆகணும்" என்பேன். பறக்கவிடப் பழகுகிறவர்களுக்கான விமானம் அது. போன விடுப்பில் இறக்கையை ஒட்டி முடித்தீர்கள். டேங்கையும் எஞ்சினையும் பொருத்துவதற்குள் விடுப்பு தீர்ந்துவிட்டது. பிறகு நீங்கள் அங்கே அறையில், நான் இங்கே சாப்பாட்டு மேசையில், நடுவில் வீடியோ கால். வெள்ளிக்கிழமை தோறும் இதே வேலை.

"டேங்கைச் சுத்தி ஸ்பாஞ்சு வை. எஞ்சின் அதிர்ந்தா எண்ணெய் நுரைச்சுடும். என் விரல் அந்தப் பொந்துல போவாது, உன் விரல்தான் போவும்."

"இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?" என்றால் சிரிப்பீர்கள்.

இடது குழாய் கார்புரேட்டருக்கு, வலது குழாய் சைலன்சருக்கு என்றீர்கள். நான் விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீங்களோ வால் பக்கமிருந்து கணக்குப் போட்டுச் சொன்னீர்கள். மாற்றிச் செருகிவிட்டேன். அதற்கு ஒரு சண்டை. கடைசியில், "மூக்கைக் கிப்லா பக்கம் திருப்பி வை. தெக்குக் குழாய் கார்புரேட்டருக்கு, வடக்குக் குழாய் சைலன்சருக்கு" என்றீர்கள். மேற்கே பார்த்துத் தொழுகிற வீட்டில் இதை யார் குழப்பிக்கொள்வார்கள்? அதற்குப் பிறகு தப்பே வரவில்லை.

எஞ்சினை ஏற்றி போல்ட்டுகளை முறுக்கிய அன்று, "ஸ்டார்ட் பண்ணிடாதே. அறுப்பு முடிஞ்சு வயல் காயட்டும், நான் வந்துடுறேன்" என்றீர்கள். அந்த வாரமே மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தேன். என்னோடு அந்த விமானமும் இருந்தது. யாரையும் தொடவிடவில்லை. அது ஓடாதவரை நம் வேலை முடியவில்லை, வேலை முடியாதவரை நீங்களும் முடிந்துபோகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

"இப்படியே வச்சிருந்தா குழாயெல்லாம் இறுகிப்போயிடும் மதனி. ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவோமே" என்றார் தம்பி. நானே விமானத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அறுத்த வயலில் விமானத்தை வைத்து வாலைப் பிடித்துக்கொண்டேன். எங்காவது ஒழுக வேண்டும், ஏதாவது கழன்றுகொள்ள வேண்டும், யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் துஆ கேட்டேன்.

தம்பி மூக்கிலிருந்த விசிறியைச் சுண்டினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. "அண்ணன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டேங்க் காலியாகும்வரை ஓடி, நின்றது. குறை ஏதாவது இருந்திருந்தால் பிரித்துப்போட்டு, நீங்கள் சொன்னதை நினைத்து நினைத்து இன்னும் கொஞ்ச நாளை ஓட்டியிருப்பேன். சொன்னதெல்லாம் இந்த விரல்களில் அப்படியே இருக்கிறது. நாம் சேர்ந்து செய்யத்தான் இனி ஒரு வேலையும் மிச்சமில்லை, மச்சான்.